பவளத் துண்டுப் பரிமாற்றம்

பவளத் துண்டுப் பரிமாற்றம் என்பது கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்போர், தத்தம் தொட்டிகளில் வளர்ந்த பவளங்களிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்து, ஓரிடத்தில் கூடித் தமக்குள் மாற்றிக்கொள்ளும் நிகழ்வாகும். ஆர்வலர் வழக்கில் இத்துண்டு "ஃபிராக்" எனப்படுகிறது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள மீன்தொட்டிச் சங்கங்கள் இத்தகைய நிகழ்வுகளை நடத்துகின்றன. அண்டை ஊர்ச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து நடத்துவதும் உண்டு. பவளம் ஈழத்தமிழர் வழக்கில் முருகைக்கல் எனவும் அறியப்படும்.

இந்தியாவில் கல்பவளங்களைக் கைமாற்றுவது சட்டப்படி குற்றமாகும். எனவே இங்கு விளக்கப்படும் நிகழ்வு நம் நாட்டில் பவளத்தைக் கொண்டு நடத்தத்தக்கதன்று. ஆயினும் அதன் நடைமுறைகள் நன்னீர்த் தாவரங்களுக்கும் வீட்டில் பெருக்கிய மீன்களுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்துவன. கடலினின்றும் தொலைவில், 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த கொடைக்கானல் போன்ற மலையூரில் அவற்றை எவ்வாறு மாற்றிக் கைக்கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் தரப்பட்டுள்ளது.

உயிரியல் அடிப்படை

பவளம் என்று நாம் காண்பது ஒரு தனி உயிரன்று. பாலிப் எனப்படும் சிறு உயிர்கள் பல ஒட்டி வாழும் கூட்டமே அது. அவற்றின் திசுக்களுக்குள் வாழும் ஒருசெல் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவளிக்கின்றன. கல்பவளங்கள் கால்சியம் கார்பனேட்டால் தமக்கு எலும்புக்கூடு அமைத்துக்கொள்கின்றன. புயலிலோ அலையிலோ ஒடிந்த கிளையொன்று தகுந்த தரையில் விழுமாயின், அங்கேயே பற்றி வளர்ந்து புதிய கூட்டமாகிவிடும்.

தொட்டி வளர்ப்போர் செய்வதும் இதுவே. முருங்கைப் போத்தை ஒடித்து அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதற்கும் இதற்கும் உயிரியல் அளவில் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலும் கைமாறுவது தாயின் மரபை மாறாமல் கொண்ட ஒரு கிளையே. கிளைவிடும் அக்ரோபோரா இனங்கள் ஆண்டுக்கு 10 செ.மீ. வரை வளரக்கூடியவை. பாறை போல் திரளும் போரைட்டிசு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மட்டுமே வளரும். பரிமாற்ற மேசைகளில் அக்ரோபோரா, மாண்டிபோரா ஆகியவையும் எலும்புக்கூடற்ற மெதுபவளங்களும் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணம்.

நோக்கம்

கல்பவளங்களை வீட்டுத் தொட்டிகளில் நெடுநாள் வாழவைக்கும் திறன் 1980களுக்குப் பின்னரே பரவலாயிற்று. வட அமெரிக்கக் கடல்நீர் மீன்தொட்டிச் சங்கங்களின் கூட்டமைப்பு 1988இல் உருவானது. தொட்டியில் பவளம் வளரத் தொடங்கியதும், வளர்ந்ததை என்ன செய்வது என்ற கேள்வியும் உடன் எழுந்தது; பரிமாற்றம் அதற்கு விடையாக அமைந்தது.

செலவு குறைவது வெளிப்படையான பயன். அதனினும் பெரிய பயன் காப்பு. கடல்நீர்த் தொட்டியில் நீரோட்டமும் காற்றும் சில மணி நேரம் நின்றால் பல ஆண்டு வளர்ப்பு ஒரே இரவில் அழியக்கூடும். ஒரே பவளத்தின் துண்டுகள் பத்து வீடுகளில் இருந்தால், இழந்தவர் தம் பவளத்தையே திரும்பப் பெறலாம். துண்டு பெற்றவர் அது வளர்ந்தபின் வேறு இருவருக்கேனும் துண்டு தரவேண்டும் என்று சில சங்கங்கள் விதி வகுத்திருப்பது இதனாலேயே. விதைநெல்லைப் பல வீடுகளில் பிரித்து வைக்கும் உழவர் வழக்கம் இங்கு நினைவுக்கு வரும்.

மூன்றாவது பயன் கடலுக்கு உரியது. கல்பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன; எல்லை கடந்து செல்ல அவற்றுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பெரும் ஏற்றுமதி நாடான இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது, பல நாட்டு ஆர்வலர்களுக்கு உள்ளூர்த் தொட்டிகளில் வளர்ந்த துண்டுகளே கைகொடுத்தன. எனினும் பரிமாற்றம் கடலைக் காக்கிறது என்று பொதுப்படக் கூறிவிட இயலாது. மேசைமேல் இருப்பது மெய்யாகவே தொட்டியில் வளர்ந்ததா, அல்லது சென்ற வாரம் கடலிலிருந்து எடுத்து வந்து நறுக்கியதா என்பதைப் பொறுத்தே அக்கூற்று மெய்யாகும்.

நிகழ்வை ஒழுங்கு செய்தல்

ஆயத்தம் நிகழ்வு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரே தொடங்க வேண்டும். வெட்டிய பவளத்தின் காயம் ஆறுவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் தேவை. துண்டைச் சிறு பீங்கான் வில்லையில் சயனோஅக்ரிலேட்டுப் பசை கொண்டு ஒட்டி, அது வில்லையின் மேல் படர்ந்து பற்றும்வரை தாய்த் தொட்டியிலேயே வைத்திருத்தல் முறையாகும். முந்தைய நாள் இரவில் நறுக்கி மறுநாள் கொண்டுவரப்படும் துண்டுகளே பெரிதும் மடிகின்றன. ஆகவே நடத்துவோர் அறிவிப்பிலேயே வெட்டுவதற்கான கடைசி நாளைக் குறித்துவிடுவது நன்று.

பல சங்கங்கள் சேரும்போது எழும் முதற்பூசல் ஈடு பற்றியது. ஒருவர் அரிய இனமொன்றைக் கொண்டுவர, மற்றொருவர் எங்கும் கிடைக்கும் செனியாவைக் கொண்டுவந்தால் மாற்று எவ்வாறு அமையும்? பரவலான தீர்வு வில்லை முறை. கொண்டுவந்த துண்டு ஒன்றுக்கு ஒரு வில்லை தரப்படும். பின் சீட்டுக் குலுக்கி, வரிசைப்படி ஒருவர் ஒருமுறைக்கு ஒரு துண்டு எடுப்பர். முதல் சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்றில் வரிசை தலைகீழாகும். விற்பனைக்கும் இடமளிப்பதாயின், மாற்று முடிந்த பின்னரே அதனைத் தொடங்க வேண்டும். இல்லையேல் நல்லவை அனைத்தும் காசுக்குப் போய்விட, புதியவர்களுக்கு மிச்சமே கிட்டும். புதிதாகத் தொடங்குவோர் கையில் மாற்றுவதற்கு ஒன்றும் இராது என்பதால், அவர்களுக்கென எளிதில் வளரும் துண்டுகள் சிலவற்றை ஒதுக்கி வைக்கும் சங்கங்கள் நாளடைவில் வளர்கின்றன.

ஒவ்வொரு துண்டின்மேலும் சீட்டு இருத்தல் வேண்டும். கொடுப்பவர், அறிவியற் பெயர், தாய்ப் பவளம் எத்தனை ஆண்டுகளாகத் தொட்டியில் உள்ளது, எவரிடமிருந்து வந்தது, எவ்வளவு ஒளியிலும் நீரோட்டத்திலும் வளர்ந்தது என்பன அதில் அடங்கும். வணிகர் சூட்டும் கவர்ச்சிப் பெயர்கள் மட்டும் எழுதப்பட்ட சீட்டு பயனற்றது. காட்சி மேசைமேல் நீல ஒளி மட்டும் பாய்ச்சப்பட்டால் எப்பவளமும் ஒளிர்ந்து தோன்றும். வெள்ளொளியில் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்பது எடுப்பவரின் உரிமை.

நீரின் அளவைகள் ஒத்திருந்தால் துண்டுகள் இடமாற்றத்தை எளிதில் தாங்கும். வெப்பம் 24 முதல் 26 பாகை செல்சியசு, ஒப்படர்த்தி 1.025 அளவு, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்பன பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகளாகும். எல்லாத் துண்டுகளையும் ஒரே தொட்டி நீரில் வைத்துக் காட்டுவது கண்ணுக்கு அழகு. ஆனால் ஒருவர் வீட்டு ஒட்டுண்ணி அனைவர் வீட்டுக்கும் செல்ல அதுவே வழி. தனித்தனிக் குவளைகளே தக்கவை.

ஒட்டுண்ணிகளும் நச்சும்

அக்ரோபோராவை உண்ணும் தட்டைப்புழு, மாண்டிபோராவை உண்ணும் ஓடற்ற சிறு கடல்நத்தை, ஐப்டேசியா எனும் சிறு கடற்சாமந்தி ஆகியவை துண்டுகளுடன் ஒட்டிவரும் பகைகளுள் முதன்மையானவை. தட்டைப்புழு பவளத்தின் நிறத்தையே கொண்டிருப்பதால் வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாது. திசுவில் வட்டவட்டமாக வெளிறிய கடித்தடங்களே அதனைக் காட்டிக்கொடுக்கும். அயோடின் கலந்த நீரிலோ அதற்கென விற்கப்படும் கரைசல்களிலோ துண்டுகளைச் சில நிமிடம் முக்கியெடுத்தால் வளர்ந்த புழுக்கள் உதிரும். ஆனால் அவற்றின் முட்டைகள் இக்குளியலில் அழிவதில்லை. ஆதலால் வீடு திரும்பியதும் புதிய துண்டைத் தனித்தொட்டியில் சில வாரங்கள் வைத்து, மீண்டும் மீண்டும் முக்கியெடுத்த பின்னரே முதன்மைத் தொட்டியில் சேர்த்தல் வேண்டும். ஆர்வ மிகுதியால் இவ்விதியை முதல்நாளே மீறாதவர் சிலரே.

பாலிதோவா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில உயிரினங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உள்ளது. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த இனத்திலிருந்து இந்நஞ்சு 1971இல் பிரித்தெடுக்கப்பட்டது. வெட்டும்போது தெறிக்கும் நீர் கண்ணிலோ காயத்திலோ பட்டால் பெருந்தீங்கு விளையும். இவ்வுயிர்கள் ஒட்டிய பாறையை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்த குடும்பத்தினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. எனவே நிகழ்வில் வெட்டுமுறை செய்து காட்டுவோர் கையுறையும் கண்காப்பும் அணிதல் கட்டாயமாகும். இவ்வினங்களைக் காட்சி வெட்டுக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவதே மேல்.

இந்தியச் சட்டமும் மன்னார் வளைகுடாவும்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. கல்பவளங்கள், கரும்பவளங்கள், குழாய்ப் பவளம், தீப்பவளம், கடல்விசிறிகள் ஆகியன அதில் அடங்கும். புலிக்கும் யானைக்கும் உரிய அதே அட்டவணை இது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கப்படும். "என் தொட்டியிலேயே வளர்ந்தது" என்னும் விலக்கு அப்பட்டியலில் இல்லை.

இத்தடையின் பின்னணி தமிழகக் கடற்கரையில் உள்ளது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளத்திட்டுகள் உள்ளன. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் இங்கிருந்து பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்கு இவ்வகழ்வே முதன்மைக் காரணமாகக் கூறப்படுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி நேர்ந்த வெளிறல், எஞ்சியவற்றையும் தாக்கியது.

தொட்டியில் வளர்க்கப்படும் துண்டுகளுக்கு விலக்களித்தால் கடலின்மேல் சுமை குறையும் என்று வாதிடும் ஆர்வலர்கள் உளர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அக்ரோபோரா துண்டொன்று தொட்டியில் வளர்ந்ததா, மன்னார் வளைகுடாவில் ஒடிக்கப்பட்டதா என்பதைப் பார்த்து அறிய வழியில்லை. வழிமரபைச் சான்றளிக்கும் ஏற்பாடு ஒன்று அமையும்வரை சட்டத்தின் பக்கமே நியாயம் மிகுந்துள்ளது.

இதே துண்டுமுறை சட்டத்துக்குட்பட்டு நம் கடலில் நடைபெறுகிறது என்பது பலர் அறியாதது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் சிதைந்த திட்டுகளில் பவளத் துண்டுகளை நட்டுவருகிறது. வளமான கூட்டங்களிலிருந்து எடுக்கப்படும் கிளைகள் கற்காரைச் சட்டங்களில் கட்டப்பட்டு கடலடியில் இறக்கப்படுகின்றன. தாய்க் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது உலகெங்கும் பவள மீட்பில் கொள்ளப்படும் வரையறை. பவளத்தைத் தொட்டு வளர்க்க விரும்பும் மாணவர் கடல்வாழ் உயிரியல் பயின்று இத்தகைய பணியில் சேரலாம்.

கடல்நீர்த் தொட்டியை விட்டுவிட மனமில்லாதவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்திலும் கோமாளிமீன்களைக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறைகள் உருவாக்கப்பட்டுள்ளன.

பழனி மலைப் பகுதியில்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையான பழனி மலை, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் பரந்துள்ளது. இதன் உச்சியான வந்தரவு 2,533 மீட்டர் உயரமுடையது. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டரில் உள்ளது. இங்கு மாற்றத்தக்கவை நன்னீர் உயிரினங்களே. சாவாப் பாசி, அனுபியாசு, கிரிப்டோகோரைன் போன்ற தாவரங்களும், வீட்டில் பெருகிய கப்பி, தங்கமீன், வரிக்குதிரை மீன் முதலியனவும் தக்கவை. சென்னை கொளத்தூர்ச் சந்தையில் வாங்கும் மீனை அப்படியே கொண்டுவந்து மாற்றுவதில் பொருளில்லை. இம்மலையின் குளிருக்குப் பழகிய குஞ்சுகளே இங்குள்ளோருக்கு உதவும். சமவெளியில் கடல்நீர்த் தொட்டி வைப்போர் குளிர்விப்பானுக்குச் செலவிடுவர். கொடைக்கானலில் எந்தத் தொட்டிக்கும் வெப்பமூட்டியே முதற்செலவு. 28 பாகையும் அதற்கு மேலும் கேட்கும் டிஸ்கசு மீனை இங்கு மாற்றுக்கு வைப்பது கொடுப்பவருக்கும் நன்றன்று, பெறுபவருக்கும் நன்றன்று.

உயரத்தால் வேறு இரு விளைவுகளும் உண்டு. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 78 விழுக்காடே. 20 பாகை நீர் கடல்மட்டத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்வளி கொள்ளுமெனில், இங்கு 7 அளவே கொள்ளும். எனவே காட்சித் தொட்டிகளில் மீனை நெருக்கி அடைக்கலாகாது. காற்றுக் குழாய் இடைவிடாது இயங்க வேண்டும். அடுத்தது, வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலை ஏறும்போது, இறுகக் கட்டிய பைக்குள் இருக்கும் காற்று கால் பங்குக்கு மேல் விரியும். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ உப்பக் கட்டிய பை பாதி வழியில் வெடிக்கக் கூடும். பையைத் தளரக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து மூடிக் கொண்டுவருதல் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் வெளி வெப்பம் 15 பாகை வரை இறங்கக்கூடுமாகையால் இப்பெட்டி இன்றியமையாதது. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உள்ளதால், மூடியுள்ள வாளிகளும் சாடிகளும் தாவரங்களுக்குப் போதுமானவை.

நாளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மே மாதத்தில் பிரையண்ட் பூங்கா மலர்க் கண்காட்சியையொட்டிச் சாலைகள் நிரம்பிவிடும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மலைச்சாலையில் மண்சரிவு நேர்வதுண்டு. கொடைக்கானலுக்கு வெளியூர் ஊர்திகள் வர 2024 மே 7 முதல் இணையவழி அனுமதிச் சீட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. அழைக்கும் சங்கம் விருந்தினருக்கு இதனை முன்னரே தெரிவித்தல் நலம்.

தாவரங்களுடன் நத்தை முட்டைகளும் பாசி இழைகளும் வரும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பாகக் கரைத்த நீரில் பத்து நிமிடம் முக்கியெடுத்து, பின் நன்னீரில் அலசுவது வழக்கம். படிகாரக் கரைசலையும் பயன்படுத்துவர். மென்மையான இலைகள் இதனால் கருகக்கூடும். ஒரு தண்டில் முதலில் செய்து பார்க்கலாம்.

காட்டிலிருந்து எதையும் எடுத்து வரலாகாது. சோலைக்காட்டு ஓடைகளின் பாசிகளும் சிறுமீன்களும் தொட்டிக்கு அழகுதான். ஆனால் 608.95 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டபின், மலையின் பெரும்பகுதியில் அவ்வாறு சேகரிப்பது குற்றமாகும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் "மிஸ் கேரளா" எனும் மீன், மீன்தொட்டி வணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டு இன்று பன்னாட்டுச் செம்பட்டியலில் அருகிய இனமாக உள்ளது.

இம்மலையில் நடைபெறும் எந்தப் பரிமாற்றத்திலும் மிகப்பெரிய இடர், எவரும் எடுத்துச் செல்லாமல் மிஞ்சும் உயிர்களே. நிகழ்வு முடிந்து களைத்தவர்க்கு அருகிலுள்ள ஏரி எளிய வழியாகத் தோன்றும். கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை ஆட்சியர் வேர் ஹென்றி லெவிஞ்சு அமைத்த செயற்கை ஏரி. அதன் மிகைநீர் வெள்ளி அருவியாக இறங்குகிறது. பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது. மலையின் தென்சரிவு ஓடைகள் வைகையிலும், சண்முகநதி போன்ற வடசரிவு ஆறுகள் அமராவதி வழியாகக் காவிரியிலும் சேர்கின்றன. எனவே மேலே விடப்படும் ஒரு மீனோ தாவரமோ கீழே இரு ஆற்றுப் படுகைகளை அடைய வழியுண்டு. தொட்டிக் கண்ணாடியைத் தூய்மை செய்வதற்கென விற்கப்படும் "டேங்க் கிளீனர்" மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, வலைகளைக் கிழித்து மீனவர்களுக்குத் தொல்லையாகியுள்ளது. ஆப்பிரிக்கப் பாயல் என்னும் மிதவைத் தாவரம் கேரளத்து வயல்களையும் கால்வாய்களையும் மூடியதும், 1980களில் அதனை உண்ணும் வண்டினத்தைக் கொண்டுவந்து கட்டுப்படுத்தியதும் அறியப்பட்டதே.

வைகையின் மிகைநீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயைக் கடந்து பாக்கு நீரிணையில் கலக்கிறது. அங்கிருந்து மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகள் தொலைவிலில்லை.

ஆகையால் அழைப்பிதழிலேயே ஒரு விதி இடம்பெற வேண்டும்: கொண்டுவந்தவர் மிஞ்சியதைத் திரும்ப எடுத்துச் செல்லவேண்டும்; இயலாதெனில் நடத்துவோர் வைத்திருக்கும் தனித்தொட்டியில் விடவேண்டும். கழித்த தாவரங்களை வெயிலில் நன்கு உலர்த்திப் புதைக்க வேண்டும். தொட்டி நீரை ஓடைக்கோ சாக்கடைக்கோ விடாமல் தோட்ட மண்ணில் ஊற்ற வேண்டும். டேங்க் கிளீனர் மீனையும் ஆகாயத்தாமரையையும் பரிமாற்ற மேசைக்கே அனுமதிக்கலாகாது. வாயிலில் பதிவு செய்பவர் வாளியைத் திறந்து பார்த்து, அங்கேயே திருப்பி அனுப்பிவிடலாம்.